2048-இல் தொலைந்த தாளம்: ஒரு செட்டிங்ஸ் ஜன்னலின் வரலாறு

கண்டதையும் படித்துவிட்டு இங்கே வந்து எழுதிவைப்பது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைய விஷயத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம், நிறைய வரலாறு, நடுவில் நான் செய்த ஒரு தப்பு. தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

போன செமஸ்டரில் விடுதி அறையிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், ஜன்னலை மூட இரண்டு போர்வை. பாடியவன் ஒரு ஜூனியர். எட்டு வயதிலிருந்து பாட்டு கற்றவன். பேசிக்கொண்டிருக்கும்போதே கை தொடையில் தாளம் போடும். அப்படிப்பட்டவன் ஹெட்ஃபோனை மாட்டியதும் தடுமாற ஆரம்பித்தான். இரண்டு வரி சரியாக வரும், மூன்றாவது வரி பின்னால் இழுக்கும். நான் பெரிய ஒலிப்பதிவாளர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, "தம்பி, பீட்டுக்குப் பின்னாடியே போறடா, கிளிக்கைக் கவனிச்சுப் பாடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பத்து டேக் ஆனது. பதினொன்றாவதின் நடுவில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்குத் தாளம் நிக்கல போலண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கல்லூரி விழாவில் பாடக் கொடுத்திருந்த பெயரையும் மறுநாள் எடுத்துவிட்டான்.

மூன்று நாள் கழித்து வேறு ஏதோ வேலையாக மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸைத் திறந்தேன். பஃபர் சைஸ் என்ற இடத்தில் 2048 என்று இருந்தது. அதற்கு முந்தைய வாரம் வேறொரு பாட்டை மிக்ஸ் செய்தபோது கரகரவென்று சத்தம் வந்ததால் நானே ஏற்றி வைத்த எண் அது. இறக்க மறந்துவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள். 2048 சாம்பிள் என்றால் சுமார் 46 மில்லி செகண்ட். உள்ளே போக ஒரு 46, வெளியே வர ஒரு 46. ஆக, தான் பாடியதை அவன் ஹெட்ஃபோனில் கேட்டது கிட்டத்தட்ட 93 மில்லி செகண்ட் கழித்து. காற்றில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படியானால் தன் குரலையே 32 மீட்டர் தள்ளி நின்று பாடும் ஆளின் குரலைப் போலக் கேட்டிருக்கிறான். கிரிக்கெட் பிட்ச் நீளம் 20 மீட்டர்தான்! தாளம் அவனிடம் சரியாகத்தான் இருந்தது. என் செட்டிங்ஸ்தான் சரியில்லை.

அந்த உறுத்தலில்தான் இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. அந்த ஜன்னலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் செய்துகொண்ட பேரம். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறார்கள். எதை விட்டு எதை வாங்கினார்கள் என்று தெரிந்தால், எப்போது எதை மாற்றுவது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

1. கணினிக்கு முன்பே வந்த தாமதம்

இந்தத் தாமதப் பிரச்சினை கணினியோடு வந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. டேப் காலத்திலேயே இருந்திருக்கிறது.

பழைய ஸ்டுடியோ டேப் ரெக்கார்டரில் வரிசையாக மூன்று ஹெட் இருக்கும். முதலாவது அழிக்கும், இரண்டாவது பதியும், மூன்றாவது வாசிக்கும். பதியும் ஹெட்டைத் தாண்டிய டேப், வாசிக்கும் ஹெட்டை அடையக் கொஞ்ச நேரம் ஆகும். டேப் செகண்டுக்கு 15 அங்குலம் ஓடுகிறது, இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தாமதம் 100 மில்லி செகண்ட். ஏறக்குறைய என் ஜூனியருக்கு நான் கொடுத்த அதே தாமதம்.

இதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் சாம் ஃபிலிப்ஸ் இந்தத் தாமதத்தையே எதிரொலியாக்கினார். எல்விஸ் பிரெஸ்லியின் ஆரம்பகாலப் பதிவுகளில் குரலுக்குப் பின்னால் உடனே ஒரு நிழல் குரல் வருமே, அது ஆம்பெக்ஸ் டேப் மெஷினின் ஹெட் இடைவெளி கொடுத்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெர்னார்ட் லீ 1950-இல் வேறொன்றைப் பதிவு செய்தார். பேசுகிறவருக்கே அவர் குரலைத் தாமதமாகக் காதில் கொடுத்தால் அவர் திக்குகிறார், வேகம் குறைகிறது, சத்தம் கூடுகிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கே இந்தக் கதி. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. என் அறையில் நடந்தது 1950-இலேயே தெரிந்த விஷயம்!

டேப்பில் பல டிராக் வந்ததும் இந்தத் தாமதம் பெரிய தொல்லையானது. முதல் டிராக்கில் கிட்டார் இருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது டிராக்கில் பாட வேண்டும். கிட்டாரை வாசிக்கும் ஹெட்டில் கேட்டால், குரல் பதியும் ஹெட்டில் விழும் இடம் வேறாகிவிடும். இரண்டும் ஒட்டாது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் ராஸ் ஸ்னைடர் கொண்டுவந்த தீர்வின் பெயர் செல்-சிங்க். பதியும் ஹெட்டையே, ஏற்கெனவே பதிந்த டிராக்குகளுக்கு மட்டும் வாசிக்கும் ஹெட்டாகப் பயன்படுத்துவது. இந்த வசதியோடு வந்த 8 டிராக் மெஷின் ஒன்று 1957-இல் கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் வீட்டுக்குப் போனது. விலை 10,000 டாலர்.

இதில் கவனிக்க வேண்டியது, பதியும் ஹெட்டில் கேட்டால் ஒலித்தரம் குறைவு. உச்ச அலைவரிசைகள் மங்கிப்போகும். பரவாயில்லை, பாடும்போது கேட்க அது போதும், கடைசியில் கேட்பதற்கு நல்ல ஹெட் இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். தரத்தை விட்டு நேரத்தை வாங்கிய முதல் பேரம் இது. பாடும் நேரத்துக்கு ஒரு செட்டிங், முடிக்கும் நேரத்துக்கு இன்னொரு செட்டிங் என்ற யோசனை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

2. நேரத்தை மொத்தமாக விட்டவர்

அதே 1957-இல், அமெரிக்காவில் இன்னொரு மூலையில், பெல் ஆய்வுக்கூடத்தின் மேக்ஸ் மேத்யூஸ் கணினியை ஒரு நிரல் மூலம் இசைக்கருவியாக்கிக்கொண்டிருந்தார். நிரலின் பெயர் மியூசிக். ஓடியது ஐ.பி.எம். 704 கணினியில். வந்த முதல் இசை 17 செகண்ட் நீளம்.

அந்தக் கணினியால் ஒலியை உடனுக்குடன் கணக்கிட முடியாது. எண்களைக் கணக்கிட்டு ஒரு டேப்பில் எழுதிவைக்கும். அந்த டேப்பை நியூயார்க்கிலிருந்து நியூ ஜெர்சியில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இருந்த கருவியில் ஒலியாக மாற்றிக் கேட்க வேண்டும். இன்றைய மொழியில் சொன்னால் பஃபர் சைஸ் ஒரு கார்ப் பயணம் :-)

இதுவும் ஒரு பேரம்தான். நேரத்தை முழுதாக விட்டுக்கொடுத்தார், பதிலுக்கு எந்த ஒலியை வேண்டுமானாலும் எண்ணாக எழுதும் சுதந்திரத்தை வாங்கினார். இன்றைக்கு நாம் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறோமே, அது மேத்யூஸின் பேரம்தான்.

3. ஒலியையே விட்டுவிட்ட மிடி

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் கீபோர்டும் ரோலண்டின் கீபோர்டும் ஒரே கேபிளில் பேசிக்கொண்டன. ஒன்றில் அழுத்தினால் மற்றதில் ஒலித்தது. டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி இருவரும் முன்னின்று உருவாக்கிய மிடி அது. இதற்காக 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

மிடி கேபிளில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்ற கட்டளை மட்டும் போகும். வேகம் செகண்டுக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்துக்கான கட்டளை 30 பிட். அதாவது ஒரு மில்லி செகண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஒலியைத் தூக்கும் சுமை இல்லாததால் மிகச் சாதாரணக் கணினிகூட இசைக்குப் போதுமானதாகிவிட்டது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி சாக்கெட் கூடவே வந்தது. செயலியின் வேகம் 8 மெகாஹெர்ட்ஸ்தான். 1989-இல் ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வெளியிட்ட கியூபேஸ் அந்த அட்டாரியில்தான் பிறந்தது. அன்றைக்குப் பஃபர் சைஸைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காரணம், ஒலி உருவானது வெளியே இருந்த சிந்தசைசரில்.

4. ஒலி கணினிக்குள் வந்தது, பஃபரும் வந்தது

அடுத்து மனிதக் குரலும் உண்மையான வாத்தியமும் கணினிக்குள் வர வேண்டும். 1991-இல் டிஜிடிசைன் வெளியிட்ட முதல் புரோ டூல்ஸில் நான்கு டிராக்தான். விலை 6,000 டாலர். ஒலிக் கணக்குகளைச் செய்யத் தனியாக ஒரு சில்லு வைத்த கார்டு அதோடு வரும். பணத்தை விட்டு நேரத்தை வாங்கும் பேரம்.

நம் மாதிரி ஆட்களுக்கு வழி திறந்தது 1996-இல். கியூபேஸ் வி.எஸ்.டி. வந்தது. தனிக் கார்டு வேண்டாம், கணினியின் செயலியே ஒலிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் என்றது. இங்கேதான் நம் கதாநாயகன் மேடைக்கு வருகிறான்.

பஃபர் என்றால் என்ன என்பதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். வீட்டு மாடித் தொட்டிக்கு ஒருவர் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு சொட்டுகூட நிற்கக்கூடாது. ஒரு குடம் காலியாவதற்குள் அடுத்த குடம் வந்தாக வேண்டும். தூக்குகிறவர்தான் செயலி. அவருக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன: வைஃபை, ஆன்டிவைரஸ், பின்னால் திறந்து கிடக்கும் இருபது பிரவுசர் டேப். குடம் சின்னது என்றால் தண்ணீர் புதிதாகக் கிடைக்கும், ஆனால் மனிதர் ஓயாமல் ஓட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் குழாய் திணறும். அதுதான் நமக்குக் கேட்கும் கரகரப்பு. குடம் பெரியது என்றால் அவர் நிதானமாக நடக்கலாம், ஆனால் குடம் நிறையும்வரை காத்திருந்துதான் தண்ணீர் வரும். அதுதான் தாமதம்.

64, 128, 256, 512, 1024, 2048 என்பவை குடத்தின் அளவுகள். 'எது நல்ல எண்' என்ற கேள்விக்கு அதனால்தான் பதில் கிடையாது.

குடம் சின்னதாக இருந்தாலும் பாதை நெரிசலாக இருந்தால் பயன் இல்லை. அன்றைய விண்டோஸின் பொதுப்பாதையில் போன ஒலிக்கு நூறு மில்லி செகண்டைத் தாண்டிய தாமதம் சாதாரணம். பொதுப்பாதையைச் சுற்றிக்கொண்டு நேராக இன்டர்ஃபேஸோடு பேசும் ஏசியோ என்ற வழியை ஸ்டைன்பெர்க் 1997-இல் கொடுத்தது. இன்றும் விண்டோஸில் செட்டிங்ஸைத் திறந்தால் முதலில் கேட்கும் கேள்வி ஏசியோவா வேறா என்பதுதான். ஆப்பிள் தன் மேக் ஓ.எஸ். டென்னில் கோர் ஆடியோ என்று அடித்தளத்திலேயே ஒரு நல்ல பாதையைப் போட்டது. விண்டோஸ் 2007-இல் விஸ்டாவோடு தன் ஒலிப்பாதையைப் புதிதாக அமைத்தது.

1999-இல் வி.எஸ்.டி. இரண்டாம் பதிப்பு வந்து, கீபோர்டில் அழுத்தினால் கணினிக்குள் இருக்கும் வாத்தியமே ஒலிக்கும் என்றானது. சுமை இன்னும் கூடியது. அந்தச் சுமையைக் குறைக்க 2003 வாக்கில் லாஜிக்கிலும் கியூபேஸிலும் வந்த வசதிதான் ஃப்ரீஸ். வாசித்து முடித்த டிராக்கை ஒரு ஒலிக்கோப்பாக உறையவைத்துவிட்டுச் செயலியை விடுவிப்பது. யோசித்துப் பாருங்கள், இதுவும் மேத்யூஸின் 1957 வேலைதான். முன்னாடியே கணக்கிட்டு எழுதி வை, பிறகு வாசி.

5. 44,100 என்ற விசித்திர எண்

பஃபருக்கு மேலே சாம்பிள் ரேட் என்று இன்னொரு பெட்டி இருக்கும். 44,000 என்றோ 45,000 என்றோ வைக்காமல் ஏன் 44,100?

காரணம் வீடியோ டேப். 1970களின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்குக் கொள்ளளவு இருந்தது வீடியோ டேப்பில்தான். ஒலியின் எண்களைக் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி ஒரு டிவி படம் மாதிரி பதிந்தார்கள். படத்தின் ஒரு கோட்டில் மூன்று சாம்பிள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 கோடு, செகண்டுக்கு 60 தடவை: 245 × 60 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 தடவை: 294 × 50 × 3 = 44,100. இரண்டு டிவி முறைக்கும் பொருந்திய எண். 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. அதையே எடுத்துக்கொண்டது. வீடியோ டேப் போய்விட்டது, எண் மட்டும் நம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் 48,000 படத்துறையின் எண். செகண்டுக்கு 24, 25, 30 ஃபிரேம் என எதால் வகுத்தாலும் மிச்சம் இல்லாமல் 2000, 1920, 1600 என்று வரும். 44,100-ஐ 24-ஆல் வகுத்தால் 1837.5. அதனால் குறும்படத்துக்கு இசை செய்கிறவர்கள் 48,000 வையுங்கள். வெறும் பாட்டு என்றால் 44,100 போதும். எதுவானாலும் முதல் டிராக்கைப் பதியும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

6. சரி, என்ன செய்வது?

இவ்வளவு கதையையும் படித்த பிறகு என் வேலைமுறை மாறிவிட்டது. இப்போது ஒரே மென்பொருளில் இரண்டு டெம்ப்ளேட் வைத்திருக்கிறேன்.

முதலாவதன் பெயர் 'பாடும் நேரம்'. பஃபர் 128. போக வரச் சேர்த்தால் சுமார் 6 மில்லி செகண்ட், அதாவது இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் குரல் கேட்கும் நேரம். எந்தப் பாடகரும் அதைச் சமாளிப்பார். கரகரத்தால் பஃபரை ஏற்றுவதற்கு முன் வாத்திய டிராக்குகளை ஃப்ரீஸ் செய்கிறேன். அப்படியும் முடியாவிட்டால் இன்டர்ஃபேஸில் இருக்கும் டைரக்ட் மானிட்டர் பட்டன். மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். ரிவெர்ப் இருக்காது, குரல் வறண்டு கேட்கும், ஆனால் தாமதம் இருக்காது. செல்-சிங்க்கின் பேரமேதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டைரக்ட் மானிட்டர் போட்டால் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் குரல் இரண்டாகக் கேட்கும்.

இன்னொரு பொறி, மாஸ்டர் டிராக்கில் இருக்கும் சில பிளகின்கள். வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து வேலை செய்யும் லிமிட்டர் போன்றவை தங்கள் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். பஃபர் 64 இருந்தாலும் அது போகாது. அதனால் முதல் டெம்ப்ளேட்டில் மாஸ்டர் டிராக் காலி.

இரண்டாவதன் பெயர் 'கேட்கும் நேரம்'. பஃபர் 1024 அல்லது 2048. யாரும் பாடவில்லை, நான் மட்டும் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறேன். பிளே அழுத்தி நாற்பது மில்லி செகண்ட் கழித்து ஒலித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிளகின்கள் எல்லாம் இங்கேதான்.

என் பழைய லேப்டாப் போதவில்லை, புதிது வாங்கினால்தான் ஒலிப்பதிவு சரியாகும் என்று வீட்டில் கேட்கலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை கேட்கவில்லை.

கடைசியாக, ஜூனியர். அவன் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பஃபர், 32 மீட்டர், பெர்னார்ட் லீ, டேப் ஹெட் எல்லாவற்றையும் விளக்கினேன். பாதியிலேயே நிறுத்தி, "அப்போ நான் சரியாத்தான் பாடினேனா அண்ணா?" என்று கேட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான், நான் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆமாம்டா, தப்பு என் மேலதான் என்றேன்.

விழாவுக்குப் பெயர் கொடுக்கும் தேதி அதற்குள் முடிந்துவிட்டது. அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வையை மறுபடி ஜன்னலில் மாட்டினோம். பஃபரை அவனையே 128-க்கு மாற்றச் சொன்னேன். இரண்டாவது டேக்கிலேயே பாட்டு முடிந்தது. மூன்றாவது ஒன்று, ஆசைக்காக.

உங்கள் அறையிலும் யாராவது பாட வந்து தடுமாறினால், அவரிடம் எதுவும் சொல்வதற்கு முன் ஒருமுறை அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.